கார்லண்ட் அந்த முதல் வருஷத்த என்ன பண்ணாரு?

2021 ஜனவரி 6ல ட்ரம்ப் ஆதரவாளருங்க அமெரிக்க நாடாளுமன்றமான கேபிடலுக்குள்ள புகுந்து கலவரம் பண்ணி, 2026 ஜனவரி 6ஓட அஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சு. அன்னிக்கு ராத்திரி நியூ ஜெர்சில இருக்கற எங்க அண்ணன் போன் பண்ணாரு, சாப்பிட்டியான்னு ஆரம்பிச்சு எப்படியோ வழக்கம்போல அங்கயே வந்து நின்னுச்சு பேச்சு. 2020ல தோத்த எலெக்ஷன மாத்தப் பாத்தாருன்னு ட்ரம்ப் மேல போட்ட ஃபெடரல் கேஸ் ஏன் ஒண்ணுமில்லாம போச்சு, அதுக்கு யாரு காரணம், அப்போ ஜஸ்டிஸ் டிபார்ட்மெண்ட் தலைவரா, அதாவது அட்டர்னி ஜெனரலா இருந்த மெரிக் கார்லண்டா, சுப்ரீம் கோர்ட்டா. நாங்க ரெண்டு பேரும் இத மூணு வருஷமா பேசிட்டிருக்கோம், பல தடவ கோவமா போன வெச்சிருக்கோம்.

அஞ்சு வருஷம்ங்கறது சும்மா ஒரு ரவுண்ட் நம்பர் இல்ல. அமெரிக்காவுல பெரும்பாலான ஃபெடரல் குற்றங்களுக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள சார்ஜ் பண்ணியாகணும், அதுக்கப்புறம் கதவு மூடிரும். ட்ரம்ப் பிரசிடெண்டா இருக்கற காலத்த அந்த கணக்குல இருந்து கழிச்சிக்கணும்னு ஒரு வாதம் இருக்கு, ஆனா அத யாராவது கோர்ட்ல ஜெயிச்சு காட்டினாத்தான் உண்டு. அதனால அன்னிக்கு எனக்கு மனசே சரியில்ல.

அண்ணன் என்னைவிட பத்து வயசு மூத்தவரு, நிதானமான ஆளு. அவரு எப்பவும் சொல்றது, "சட்டம்னா மெதுவாத்தான்மா போகும், தெய்வம் நின்னு கொல்லும்னு அம்மா சொல்லும்ல". நான் சொல்றது, அண்ணா, அந்த பழமொழிக்கு முதல் பாதின்னு ஒண்ணு இருக்கு, அரசன் அன்று கொல்வான். நின்னு கொல்றது தெய்வத்தோட வேலை. ஜஸ்டிஸ் டிபார்ட்மெண்ட் தெய்வம் கெடையாது, அது அரசன். அதுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவ எலெக்ஷன் வருது, அந்த எலெக்ஷன்ல அந்த அரசனோட ஆளே மாறலாம்.

எனக்கு ஏன் இவ்ளோ வேகம்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நான் 2019ல சிட்டிசன் ஆனேன். 2020 நவம்பர்ல வர்ஜீனியால எங்க கவுண்டில ஒரு பூத்ல எலெக்ஷன் ஆபீசரா வேலை பாத்தேன். காலைல அஞ்சு மணிக்கு போயி, ஆறு மணிக்கு கதவத் தொறந்து, சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் மாஸ்க் போட்டுட்டு நின்னு, அப்புறம் ஒவ்வொரு பேலட்டும் கணக்கு டேலி ஆகற வரைக்கும் உக்காந்து, வீட்டுக்கு வரும்போது கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. அந்த வேலைய செஞ்சவங்களத்தான் திருடங்கன்னு ஒரு நாட்டோட பிரசிடெண்ட் சொன்னாரு. அத நான் இன்னிக்கு வரைக்கும் மறக்கல.

சரி விஷயத்துக்கு வர்றேன்.

மெரிக் கார்லண்ட் 2021 மார்ச் 11ல அட்டர்னி ஜெனரலா பதவி ஏத்துக்கிட்டாரு. நேர்மையான மனுஷன், அதுல எனக்கு சந்தேகமே கெடையாது. 1995ல ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பு கேஸ ஆரம்பத்துல நின்னு நடத்தினவரு, அப்புறம் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்ல சீஃப் ஜட்ஜ் (அவருக்கப்புறம் அந்த நாற்காலில உக்காந்தவரு நம்ம திருநெல்வேலி பூர்வீகம் ஸ்ரீநிவாசன்), 2016ல ஒபாமா அவர சுப்ரீம் கோர்ட்டுக்கு நாமினேட் பண்ணப்போ செனட் ஒரு ஹியரிங் கூட வெக்காம அவமானப்படுத்துச்சு, அதுக்கப்புறமும் ஒரு கசப்பான வார்த்தை பேசாத ஆளு. ட்ரம்ப் காலத்துல அந்த டிபார்ட்மெண்ட் பிரசிடெண்ட்டோட சொந்த வக்கீல் ஆபீஸ் மாதிரி ஆயிடுச்சுன்னு எல்லாரும் சொல்லிட்டிருந்த நேரம், அந்தக் கறைய தொடைக்கணும், பாலிடிக்ஸ் கலக்காம நடக்கணும்ங்கறதுதான் அவரோட முதல் நோக்கமா இருந்துச்சு.

அவரு எடுத்த வழி, கீழ இருந்து மேல போறது. கேபிடலுக்குள்ள கண்ணாடிய ஒடைச்சு புகுந்தவங்கள முதல்ல புடி, அவங்க போன பாரு, யாரு கூப்பிட்டா, யாரு காசு குடுத்தா, அப்படியே ஏணி ஏறி போ. கஞ்சா கேஸ்ல, ரவுடி கேஸ்ல எல்லாம் இதுதான் வழி, தப்புன்னு சொல்ல முடியாது. 1,500 பேருக்கு மேல சார்ஜ் பண்ணாங்க, அந்த டிபார்ட்மெண்ட் வரலாற்றுலயே இவ்ளோ பெரிய விசாரணை கெடையாதுன்னு சொல்றாங்க. கலவரத்துல இருந்த வலதுசாரி தீவிர கூட்டங்கள்ல, ஓத் கீப்பர்ஸ் தலைவர் ஸ்டூவர்ட் ரோட்ஸுக்கு 18 வருஷம், ப்ரௌட் பாய்ஸ் தலைவர் என்ரிகே டாரியோவுக்கு 22 வருஷம் வாங்கிக் குடுத்தாங்க. சின்ன சாதனை இல்ல அது.

ஆனா நான் அண்ணன்கிட்ட திரும்பத் திரும்ப சொல்றது இதத்தான், அந்த ஏணி வெள்ளை மாளிகைக்கு போற ஏணியே இல்லயே. 2023 ஆகஸ்ட் 1ஆம் தேதி கடைசில போட்ட குற்றப்பத்திரிகைய எடுத்துப் படிங்க, 45 பக்கம்தான், நான் ரெண்டு தடவ படிச்சேன். நாலு சார்ஜ். கலவரத்த தூண்டினாருன்னு அதுல ஒரு சார்ஜ் கூட கெடையாது. இருக்கறது எல்லாம் பேப்பரும் போனும். ஏழு மாநிலத்துல தோத்துட்டு, 2020 டிசம்பர் 14ஆம் தேதி 84 பேரு நாங்கதான் ஜெயிச்ச எலெக்டர்ஸ்னு (மாநிலத்துல ஜெயிச்சவருக்காக பிரசிடெண்ட் தேர்தல்ல முறைப்படி ஓட்டு போடறவங்க) கையெழுத்து போட்டது, அந்த பேப்பர வாஷிங்டனுக்கு அனுப்பினது, துணை ஜனாதிபதி பென்ஸ நெருக்கினது, ஜார்ஜியா அதிகாரி ராஃபென்ஸ்பெர்கர கூப்பிட்டு எனக்கு 11,780 ஓட்டு கண்டுபிடிச்சா போதும்னு சொன்னது. பைடன் அங்க ஜெயிச்சதே 11,779 ஓட்டுல. இதெல்லாம் கண்ணாடி ஒடைச்சவன் போன்ல இருந்து வர்ற விஷயமா?

அந்த ஜார்ஜியா போன் ஆடியோ 2021 ஜனவரி 3லயே வெளில வந்துருச்சு, கலவரத்துக்கு மூணு நாள் முன்னாடி. உலகமே கேட்டுச்சு, நானும் கிச்சன்ல நின்னு கேட்டேன். போலி எலெக்டர் சர்டிஃபிகேட் நேஷனல் ஆர்கைவ்ஸ்ல, அரசாங்கத்தோட சொந்த அலமாரிலயே இருந்துச்சு, மார்ச் மாசமே ஒரு தன்னார்வ அமைப்பு அத வாங்கி பப்ளிக்கா வெளியிட்டுருச்சு. கார்லண்ட் நாற்காலில உக்காந்த அதே மாசம்! அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னா, 2022 ஜனவரில மிச்சிகன் அட்டர்னி ஜெனரல் டேனா நெஸல், நாங்க ஒரு வருஷமா பாத்துட்டோம், இது ஃபெடரல் பாக்கவேண்டிய கேஸ்னு அனுப்பி வெச்சப்புறம், துணை அட்டர்னி ஜெனரல் லீசா மொனாக்கோ டிவில வந்து பரிந்துரை வந்திருக்கு, பாத்துட்டிருக்கோம்னு சொன்னாங்க. எஃப்பிஐ அந்த போலி எலெக்டர் விஷயத்துல முறையா விசாரணை ஆரம்பிச்சது 2022 ஏப்ரல்ல. பதினஞ்சு மாசம் போயிருச்சு. இதுல எஃப்பிஐ பெரிய அதிகாரிங்களே ஒரு வருஷத்துக்கு மேல தயங்கினாங்க, ட்ரம்ப் பக்கம் போக வேணாம்னு நின்னாங்கன்னு வாஷிங்டன் போஸ்ட் 2023 ஜூன்ல நீளமா எழுதுச்சு.

இதுக்கு நடுவுல, ஜனவரி 6 பத்தி விசாரிக்க அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட கமிட்டி என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. 2021 ஜூலைல ஆரம்பிச்ச கமிட்டி, ஜெயில்ல போடற அதிகாரம் கெடையாது, எஃப்பிஐ கெடையாது, அவங்க 2022 ஜனவரிலயே போலி எலெக்டர்ஸ் 14 பேருக்கு சம்மன் அனுப்பிட்டாங்க. மார்ச்ல கலிஃபோர்னியால டேவிட் கார்ட்டர்னு ஒரு ஃபெடரல் ஜட்ஜ், ஒரு ஈமெயில் தகராறு கேஸ்ல, ட்ரம்ப் குற்றம் பண்ணியிருக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு தீர்ப்புலயே எழுதிட்டாரு. ஜூன்ல ஹியரிங் டிவில போகுது, ஊரே பாக்குது, அதே ஜூன்லதான் ஃபெடரல் ஏஜென்ட்ஸ் ட்ரம்புக்கு வக்கீலா இருந்த ஈஸ்ட்மேன் போன புடுங்கறாங்க, ட்ரம்ப் கால ஜஸ்டிஸ் டிபார்ட்மெண்ட் அதிகாரி ஜெஃப்ரி கிளார்க் வீட்ட சோதனை போடறாங்க. ஜூன் 28ல காசிடி ஹட்சின்சன், இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு பொண்ணு, வெள்ளை மாளிகைல தான் பாத்தத சொல்லும்போது ஜஸ்டிஸ் டிபார்ட்மெண்ட் ஆளுங்களும் நம்மளமாதிரியே டிவி முன்னாடி அசந்து உக்காந்திருந்தாங்கன்னு படிச்சப்போ எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

அண்ணன் பக்கம் நியாயமே இல்லன்னு சொல்லிட முடியாது. அவரு சொல்ற பாயிண்ட் எல்லாம் நிஜம். முன்னாள் பிரசிடெண்ட்டோட ஆளுங்கள கேஸ் போடலாமான்னு முடிவு பண்ற கிராண்ட் ஜூரி முன்னாடி கொண்டு வரணும்னா ஒவ்வொருத்தருக்கும் எக்ஸிகியூட்டிவ் ப்ரிவிலெஜ்னு, அதாவது பிரசிடெண்ட்கிட்ட பேசினத வெளில சொல்ல வேண்டியதில்லன்னு ஒரு சண்டை, மூடின கோர்ட்ல மாசக்கணக்கா. பென்ஸ் சாட்சி சொல்ல வந்ததே 2023 ஏப்ரல் கடைசில. அவசரப்பட்டு போட்டு கோர்ட்ல தோத்திருந்தா அதுக்கப்புறம் ஒருத்தனும் ஒரு பிரசிடெண்ட தொட முடியாது. அதோட கார்லண்ட் ஒரு தடவ கூட பின்வாங்கல, 2022 ஜனவரி 5ல பேசினப்போ, அன்னிக்கு அந்த எடத்துல இருந்தாங்களோ இல்லயோ, எந்த மட்டத்துல இருந்தாலும் விட மாட்டோம்னு வெளிப்படையா சொன்னாரு. அண்ணன் கேக்கறாரு, "கடைசில கேஸ கொன்னது சுப்ரீம் கோர்ட்டு, நீ ஏன் கார்லண்ட் கழுத்த புடிக்கற?"

சுப்ரீம் கோர்ட் விஷயத்துல நான் அண்ணன விட கோவமா இருக்கேன். ட்ரம்ப் நான் மறுபடியும் நிக்கறேன்னு 2022 நவம்பர் 15ல அறிவிச்சாரு, மூணு நாள் கழிச்சு ஜேக் ஸ்மித்த ஸ்பெஷல் கவுன்சிலா, அதாவது ட்ரம்ப் கேஸுங்கள தனியா நடத்தற ப்ராசிக்யூட்டரா போட்டாங்க. அவரு எட்டரை மாசத்துல வாஷிங்டன் கேஸ போட்டுட்டாரு. விசாரணை தேதிக்கு ஸ்மித் கேட்டது 2024 ஜனவரி 2. ட்ரம்ப் வக்கீலுங்க கேட்டது 2026 ஏப்ரல்! நம்ம ஊர்ல வாய்தா வாங்கறதப் பாத்திருக்கோம், எலெக்ஷனையும் தாண்டி, மொத்தம் ரெண்டரை வருஷத்துக்கு மேல ஒரே வாய்தா கேட்டத அன்னிக்குத்தான் பாத்தேன். ஜட்ஜ் டான்யா சுட்கன் 2024 மார்ச் 4ன்னு வெச்சாங்க. அப்புறம் இம்யூனிட்டி கேஸ், பிரசிடெண்டா இருந்தப்போ செஞ்சதுக்கு கேஸே போட முடியாதுன்னு. சுட்கன் 2023 டிசம்பர் 1ல அத தள்ளுபடி பண்ணாங்க. ஸ்மித் 11ஆம் தேதியே சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடினாரு, இது எப்படியும் உங்ககிட்டதான் வரும், இப்பவே எடுத்துக்கோங்கன்னு. முடியாதுன்னுட்டாங்க. அப்பீல் கோர்ட் 2024 பிப்ரவரி 6ல ட்ரம்புக்கு எதிரா சொன்னப்புறம் அதே கேள்விய அதே சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கிச்சு, ஏப்ரல் 25ல வாதம் கேட்டு, ஜூலை 1ல 6க்கு 3ன்னு தீர்ப்பு. ஸ்மித் கேட்ட நாள்ல இருந்து 203 நாள், நான் காலண்டர வெச்சு எண்ணினேன். 1974ல நிக்சனோட டேப் கேஸ்ல இதே கோர்ட் கீழ அப்பீல் கோர்ட்டுக்கு காத்திருக்காம நேரா எடுத்து, ஜூலை 8 வாதம் கேட்டு ஜூலை 24ல தீர்ப்பு குடுத்துச்சு, பதினாறே நாள். முடியாதுன்னு இல்ல, அன்னிக்கு மனசு இருந்துச்சு.

தீர்ப்போட உள்ளடக்கம் இன்னும் மோசம், பிரசிடெண்ட் தன்னோட ஜஸ்டிஸ் டிபார்ட்மெண்ட் அதிகாரிங்ககிட்ட பேசினதுக்கெல்லாம் முழுப் பாதுகாப்புன்னு சொல்லி கேஸ்ல இருந்து ஒரு பகுதிய அப்படியே வெட்டிட்டாங்க. ஆனா அத பேச ஆரம்பிச்சா இந்த போஸ்ட் முடியாது.

அண்ணனுக்கு நான் சொல்ற பதில் இவ்ளோதான். இந்த 203 நாள் கேஸ கொன்னது ஏன்? ஏன்னா கையில மிச்சம் இருந்ததே அவ்ளோதான். ஜனவரி 6ல இருந்து சார்ஜ் போட ரெண்டு வருஷம் ஏழு மாசம். இதே 203 நாள் 2023ல நடந்திருந்தா கேஸுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, தீர்ப்பு அதே தீர்ப்பா இருந்திருக்கலாம், அதுக்கப்புறமும் மிச்ச கேஸ ஒரு ஜூரி முன்னாடி வெக்க ஒரு வருஷம் இருந்திருக்கும். எதிராளி இழுத்தடிப்பான்னு ஊருக்கே தெரியும், அவரு தொழில் பண்ற காலத்துல இருந்து எல்லா கேஸயும் அப்படித்தான் நடத்தியிருக்காரு. இழுத்தடிக்கறதுக்கு ஒரு வருஷம் ஒதுக்கி வெச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிச்சிருக்கணும். ட்ரம்பால ஒரு நாள் கூட தள்ளிப்போட முடியாத ஒரே காலம் 2021, ஏன்னா அப்போ அவருகிட்ட கேஸும் இல்ல, பதவியும் இல்ல, கேண்டிடேட்டும் இல்ல. அந்த வருஷத்தத்தான் நம்ம ஆளுங்களே செலவழிச்சிட்டாங்க.

ஆரம்பத்துலயே எறங்கியிருந்தா இன்னொண்ணு நடந்திருக்கும்னு நான் நம்பறேன். குற்றப்பத்திரிகைல பேர் சொல்லாம ஆறு பேர கூட்டாளின்னு போட்டிருந்தாங்க. ஒருத்தர் மேல கூட ஃபெடரல் கேஸ் வரல. ஒரே ஆள் மேல போட்டாத்தான் எலெக்ஷனுக்கு முன்னாடி முடிக்க முடியும்னு ஸ்மித் கணக்கு போட வேண்டிய நெலமை. நேரம் இருந்திருந்தா முதல்ல அந்த வக்கீலுங்கள புடிச்சு, அதுல யாராவது ஒருத்தர் வாய தொறந்து, அப்புறம் மேல போயிருக்கலாம், அதுதானே கார்லண்ட் சொன்ன ஏணி. 2025 நவம்பர்ல ட்ரம்ப் அவங்கள்ல தன்னோட வக்கீலுங்க ஜூலியானி, ஈஸ்ட்மேன் எல்லாருக்கும், போலி எலெக்டர்ஸுக்கும் சேத்து மன்னிப்பு குடுத்துட்டாரு. கீழ இருந்து புடிச்சுட்டு வந்த 1,500 பேருக்கும் பதவியேத்த அன்னிக்கே, 2025 ஜனவரி 20ல மன்னிப்பு, அதுல 14 பேருக்கு மட்டும் தண்டனை குறைப்பு. டாரியோ வெளில. ரோட்ஸ் வெளில. கார்லண்ட் நாலு வருஷம் கட்டின ஏணி ஒரு கையெழுத்துல கீழ விழுந்துச்சு.

ஃப்ளோரிடா டாகுமெண்ட் கேஸ பத்தியும் ரெண்டு வரி சொல்லியாகணும், அது இதவிட நேரான கேஸ், ரகசிய பேப்பர் வீட்ல இருந்துச்சு, கேட்டப்போ முழுசா குடுக்கல, 2022 ஆகஸ்ட்ல போயி எடுத்தாங்க, 2023 ஜூன்ல சார்ஜ். ஜட்ஜ் அய்லீன் கேனன் அத தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டு, 2024 ஜூலை 15ல ஸ்மித்தோட நியமனமே செல்லாதுன்னு சொல்லி மொத்தமா தூக்கி எறிஞ்சாங்க. அதுல கார்லண்ட குறை சொல்ல நான் வரல.

பாலிடிக்ஸ் மாதிரி தெரியக்கூடாதுங்கற பயம், அதுதான் என்ன ரொம்ப யோசிக்க வெக்குது. 2021 பிப்ரவரில செனட்ல இம்பீச்மெண்ட் 57க்கு 43ன்னு வந்தும் மூணுல ரெண்டு பங்கு இல்லாம தப்பிச்சப்போ, ட்ரம்ப் கட்சியோட செனட் தலைவரா இருந்த மிச் மெக்கானல் என்ன சொன்னாரு, நம்ம நாட்ல க்ரிமினல் கோர்ட் இருக்கு, முன்னாள் பிரசிடெண்ட் அதுக்கு மேலானவர் இல்லன்னு. ட்ரம்போட சொந்த வக்கீலே அந்த மேடைல நின்னு, குற்றம் பண்ணியிருந்தா பதவி முடிஞ்சப்புறம் போயி அரெஸ்ட் பண்ணிக்கோங்கன்னார். ரெண்டு கட்சியும் கதவ தொறந்து வெச்சிருந்த நேரம் அது, அன்னிக்கு ஆரம்பிச்சிருந்தா பாதி நாடாவது ஏத்துக்கிட்டிருக்கும். பாலிடிக்ஸ் தெரியக்கூடாதுன்னு காத்திருந்து காத்திருந்து, அவரு கேண்டிடேட்டா அறிவிச்சப்புறம் ஸ்பெஷல் கவுன்சில போட்டு, எலெக்ஷன் வருஷத்துல விசாரணைன்னு கொண்டு வந்து நிறுத்தினா, பாக்கறவனுக்கு வேற எப்படி தெரியும்?

பிரேசில்ல 2023 ஜனவரி 8ல அதே மாதிரி ஒரு கலவரம், ஆறே மாசத்துல, வேற ஒரு கேஸ்ல, முன்னாள் பிரசிடெண்ட் பொல்சனாரோ 2030 வரைக்கும் தேர்தல்ல நிக்கக்கூடாதுன்னு அவங்க எலெக்ஷன் கோர்ட் சொல்லிருச்சு, ஆட்சிய புடிக்க சதி பண்ணதுக்கு 2025 செப்டம்பர்ல 27 வருஷம் 3 மாசம் தண்டனை. அங்க நேரா சுப்ரீம் கோர்ட்லயே விசாரணை, தன்னையே கொல்ல திட்டம் போட்டாங்கன்னு சொல்லப்படற ஜட்ஜே அந்த பெஞ்ச்ல உக்காந்திருந்தாரு, அத நான் சரின்னு சொல்லல, இங்க அப்படி நடந்தா நானே எதுத்து எழுதுவேன். ஆனா ஒரு தேதி இருக்கு, அதுக்குள்ள முடிக்கணும்னு அவங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சு.

எனக்கு ரொம்ப வலிக்கறது ரூபி ஃப்ரீமேனும் அவங்க பொண்ணு ஷே மாஸும்தான். அட்லாண்டால ஓட்டு எண்ணினவங்க, அம்மா பொண்ணுக்கு ஒரு இஞ்சி மிட்டாய் குடுத்தத வீடியோல காட்டி, அது யுஎஸ்பின்னு ஜூலியானி சொன்னாரு. வீட்டுக்கு கும்பல் வந்துச்சு, எஃப்பிஐ சொல்லி அந்தம்மா ரெண்டு மாசம் சொந்த வீட்ட விட்டே போயிட்டாங்க. அவங்க 2021 டிசம்பர்ல ஜூலியானி மேல சிவில் கேஸ் போட்டாங்க. சரியா ரெண்டு வருஷத்துல, 2023 டிசம்பர்ல, ஜூரி 14 கோடியே 80 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லுச்சு. அதே வாஷிங்டன் கோர்ட். ரெண்டு சாதாரண பொம்பளைங்களால ரெண்டு வருஷத்துல ஒரு ஜூரி தீர்ப்பு வாங்க முடிஞ்சது, ஒரு வல்லரசோட ஜஸ்டிஸ் டிபார்ட்மெண்ட்டால முடியல.

2024 நவம்பர் 25ல ஸ்மித்தே கேஸ வாபஸ் வாங்கினாரு, பதவில இருக்கற பிரசிடெண்ட் மேல கேஸ் நடத்தக்கூடாதுங்கற டிபார்ட்மெண்ட்டோட பழைய கொள்கை. ஜனவரி 2025ல வந்த அவரோட ரிப்போர்ட்ல, ட்ரம்ப் ஜெயிக்காம இருந்திருந்தா தண்டனை வாங்கற அளவுக்கு ஆதாரம் எங்ககிட்ட இருந்துச்சுன்னு எழுதியிருந்தாரு. அத நான் ஆபீஸ் கார் பார்க்ல உக்காந்து போன்ல படிச்சேன், ரொம்ப நேரம் உள்ள போகல.

அன்னிக்கு போன்ல கடைசில அண்ணன் கேட்டாரு, "சரி, 2021 மார்ச்ல நீ அந்த நாற்காலில இருந்தா முதல் நாள் என்ன பண்ணியிருப்ப, அத சொல்லு பாப்போம்."

நான் சொன்னேன், ஆர்கைவ்ஸ்ல இருந்து அந்த ஏழு மாநிலத்து சர்டிஃபிகேட்ட எடுத்துட்டு வரச் சொல்லியிருப்பேண்ணா. 84 பேரு கையெழுத்து, அவங்களே பேரு போட்டு, தேதி போட்டு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு சம்மன், உங்களுக்கு இந்த பேப்பர டைப் பண்ணி அனுப்பினது யாருன்னு ஒரே ஒரு கேள்வி.

அவரு கொஞ்ச நேரம் பேசல. பின்னாடி டிவி சத்தம் கேட்டுச்சு, அண்ணி யாருகிட்டயோ ஏதோ சொன்னாங்க. அப்புறம் "அந்த 84 பேருக்கு வக்கீல் வெக்க, ப்ரிவிலெஜ்னு சொல்ல எத்தன மாசம் ஆகியிருக்கும்"னாரு. ஒரு வருஷம் கூட ஆகட்டும்ண்ணா, 2022 மார்ச் தானேன்னேன்.

"ம்ம்"னாரு. நாளைக்கு பேசறேன்னு வெச்சுட்டாரு.